பச்சைத் தீந்தையும் ‘கொஞ்சம் பாரும்’ என்ற கட்டளையும்

சென்ற மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து துளசிகா தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்றபின் என் கதிரைக்கு வந்த பிள்ளை. களஞ்சிய அறையைத் துப்புரவாக்கி, உதவாத சாமான்களைக் கழிப்பதற்குப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தாள்.

“அண்ணை, இஞ்ச ஒரு லப்டொப் கிடக்கு. முழுப் பச்சை. உது எந்தக் கொம்பனி? அந்த நாளையில பச்சையில லப்டொப் வந்ததோ?”

“வரேல்லைப் பிள்ளை. அது கறுப்பாத்தான் வந்தது. நான்தான் தீந்தை அடிச்சனான்.”

“லப்டொப்புக்கோ? பெயின்ற்றோ?”

“ஓம். மூண்டு பூச்சு.”

அவள் சிரித்தாள். அடக்கப் பார்த்தும் அடங்காத சிரிப்பு. சிரித்து முடிந்ததும், “ஏன் அண்ணை?” என்று கேட்டாள்.

கேள்வி சின்னதுதான். பதில் சொல்லப் போனால் எங்கள் கனகலிங்கம் சேரைப் பற்றிச் சொல்ல வேண்டும், கிணறுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், மடத்துவெளிப் பரமேஸ்வரி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். “பிறகு சொல்லுறன்” என்று வைத்துவிட்டேன். பத்துப் பன்னிரண்டு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிற கதை இது. சொல்லச் சொல்லக் குழம்புகிறதே தவிரத் தெளிவதாக இல்லை. எழுதிப் பார்த்தாலாவது தெளியுமா என்று பார்க்கிறேன்.

நான் கரம்பொன்னில் பிறந்தவன். எங்கள் வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். நான் ஒருவன்தான் படகில் ஏறினால் சத்தி எடுக்கிறவன். அதனால் அண்ணன்மார் கடலைப் பார்த்துக்கொள்ள, நான் கிணறுகளைப் பார்க்கிற உத்தியோகத்துக்குப் போனேன். தீவுகளிலுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தையும் உப்பையும் அளந்து எழுதுவது வேலை. முதல் சில வருடங்கள் சுண்ணக்கட்டி பூசிய நாடாவைக் கிணற்றுக்குள் விட்டு, நனைந்த இடத்தைப் பார்த்து அளந்தோம். பிறகு தண்ணீரில் பட்டதும் கீச்சிடுகிற கம்பி வந்தது. பிறகு உப்பு அளக்கிற மானி வந்தது. இடையில் யுத்தம் வர எல்லோரையும் போல நாங்களும் ஓடினோம், திரும்பி வந்தோம். கிணறுகள் அப்படியே இருந்தன. ஓய்வுக்கு ஐந்தாறு வருடம் இருக்கும்போதுதான் உருக்குக் குழாயும் மடிக்கணினியும் வந்தன.

குழாய் என்றால் பெருவிரல் மொத்தத்தில் ஒரு சாமான். கிணற்றுக்குள் கம்பியில் தொங்கும். மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நீர்மட்டத்தையும் உப்பையும் தன்பாட்டில் குறித்துக்கொள்ளும். வருடத்துக்கு ஒரு தடவை நாங்கள் போய் வெளியே எடுத்து, துடைத்து, வயரில் கணினியோடு பொருத்தினால் எல்லாவற்றையும் ஒப்புவித்துவிடும். அதற்கொரு கெட்ட பழக்கம் இருந்தது. ஒப்புவித்து முடிந்த கையோடு தன் வயிற்றைத் துடைத்துவிட்டு ஒன்றிலிருந்து தொடங்கும். கணினியோ வாங்கியதைத் திரையில் ஒரு கோடாக வரைந்து காட்டிவிட்டு, சேமிக்கவா என்று கேட்டுக்கொண்டு நிற்கும். ஓம் என்ற பொத்தானை அமத்தும் வரைக்கும் அந்த ஒரு வருடம் குழாயிலும் இல்லை, கணினியின் சேமிப்பிலும் இல்லை. திரையில் மட்டும் இருக்கும்.

இதை எங்களுக்குப் பழக்கியவர் கனகலிங்கம் சேர். எங்கள் பொறியியலாளர். “அல்பிரட், கோட்டைப் பாராதையும். முதல் அமத்தும். பிறகு ஆறுதலாப் பாரும்” என்று நூறு தடவை சொல்லியிருப்பார்.

சேர் ஒரு விசித்திரமான மனிதர். மெலிந்த தோற்றம், வெள்ளைச் சேட்டு, இடுப்பில் சாவிக்கொத்து. கிணற்றடிக்கு வந்தால் மானியை வெளியே எடுக்க விடமாட்டார். தன் பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் பேணியை எடுத்து, தண்ணீர் அள்ளி, வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். துப்பிவிட்டு, உப்பு இவ்வளவு இருக்கும் என்று பென்சிலால் தன் கொப்பியில் எழுதிக்கொள்வார். அதன் பிறகுதான் மானி. பெரும்பாலும் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். பிழைத்தால் மானியை முறைத்துப் பார்ப்பார்.

‘முதல் அமத்தும்’ என்றதைத் தவிர அவர் ஒருநாளும் நேராகக் கட்டளை போட்டதில்லை. எதற்கும் ஒரே சொல்தான்: கொஞ்சம் பாரும். அதைத் திருத்தச் சொல்கிறாரா, எறியச் சொல்கிறாரா, சும்மா பார்க்கத்தான் சொல்கிறாரா என்று விளங்காது. திருப்பிக் கேட்கவும் ஏலாது, கேட்டால் “அதைத்தானே சொன்னனான்” என்பார். ஒருமுறை ஜீப்பைக் காட்டிச் சாரதியிடம், “உதைக் கொஞ்சம் பாரும்” என்றார். அந்த மனுசன் கதவுப் பிணைச்சலைக் கழற்றி, எண்ணெய் விட்டு, அரை நாள் வேலை செய்து முடித்தான். சேர் சொன்னது பின்சீற்றில் ஏறிப் படுத்திருந்த ஆட்டைப் பற்றி என்று மாலையில்தான் தெரிந்தது. நாங்கள் சிரித்தோம். எனக்கும் அப்படி ஒன்று நடக்கும் என்று நினைக்கவில்லை.

அந்த மடிக்கணினி சாதாரண வகையல்ல. மழை, தூசு, விழுகை எல்லாவற்றையும் தாங்கும் என்று சொல்லித் தந்த கனத்த உலோகப் பெட்டி, கைபிடியும் வைத்தது. இரண்டு வருடத்தில் எங்கள் உப்புக்காற்று அதையும் தின்னத் தொடங்கியது. மூலைகளில் கறுப்புத் தேய்ந்து, உள்ளே இருந்த உலோகம் வெள்ளை மாவாகப் பூத்தது. ஒருநாள் சேர் அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

“அல்பிரட், உதைக் கொஞ்சம் பாரும்.”

பார்த்தேன். நான் பார்த்த பார்வை படகுக்காரன் வீட்டுப் பார்வை. எங்கள் வீட்டில் உப்புப் பிடித்த சாமானுக்கு ஒரே வைத்தியம்தான்: சுரண்டு, அடை, பூசு.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொண்டு போனேன். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மூன்று தரம் துடைத்தேன். திரையையும் எழுத்துப் பலகையையும் பழைய பேப்பர் வைத்து மூடி, விளிம்பெல்லாம் ரேப் ஒட்டினேன். வயர் செருகுகிற வாய்களுக்குள் மெழுகுதிரியை உருக்கி விடலாமா என்று யோசித்து, கடவுள் செயலாக அதைச் செய்யவில்லை. பஞ்சு வைத்தேன். சாண்ட்பேப்பரால் வெள்ளை மாவு போகும் வரை தேய்த்தேன். முதுகுப் பக்கத்தில் சீப்பின் பல்லைப் போல வரிவரியாகப் பள்ளங்கள் இருந்தன. உப்பு முழுக்க அதற்குள்தான் உறைந்திருந்தது. இப்படி உப்புத் தங்குகிற பள்ளத்தை ஆர் வைத்தது, புத்தியில்லாதவர்கள் என்று ஏசினேன். அண்ணனிடம் பைபர் படகுகளின் வெடிப்பை அடைக்கிற பசை இருந்தது. இரண்டு பேணியிலிருந்தும் எடுத்துக் குழைத்தால் கொஞ்ச நேரத்தில் கல்லாகிவிடும். அதை வைத்து வரிகளை ஒன்று விடாமல் அடைத்து, காய்ந்தபின் மட்டமாகத் தேய்த்தேன். அதன்மேல் தீந்தை. அலுவலகக் களஞ்சியத்தில் மிஞ்சியிருந்த, நீர்ப்பம்பிகளுக்கு அடிக்கிற பச்சை. மூன்று பூச்சு. ஒவ்வொன்றையும் ஒருநாள் காயவிட்டேன்.

அண்ணன் வந்து கையால் தடவிப் பார்த்து, “கடல்ல இறக்கலாமடா” என்றார். பெருமையாகத்தான் இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூசுவதற்கு முன் அரை மணித்தியாலம் வேலை செய்தால் அந்தப் பெட்டியின் முதுகு தொட ஏலாமல் சுடும். பூசிய பிறகு சுடவில்லை. இளஞ்சூடுதான். சேர் வந்து முதுகில் உள்ளங்கையை வைத்தார்.

“முந்திச் சுடுமெல்லே?”

“ஓம் சேர். இப்ப சுடாது.”

“நல்லது.”

என் முழு உத்தியோகத்திலும் அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே ‘நல்லது’ அது. அந்தப் பெட்டிக்குள் விசிறி இல்லை என்பதும், உள்ளே பிறக்கிற சூடு அந்த வரிகளின் வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்பதும், தொட்டால் சுடுவதே அதற்கு நல்லது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. அதெல்லாம் எழுதிய, கணினியோடு வந்த புத்தகம் சேரின் அலுமாரிக்குள் இருந்தது. சேர் அதைப் படித்திருந்தாரா? இதுதான் நான் அவிழ்க்க முயன்று தோற்ற முதலாவது முடிச்சு.

சில மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நெடுந்தீவில் ஒரு மத்தியானம் திரை திடீரென்று கறுத்தது. நிழலில் வைத்தேன், கால் மணித்தியாலத்தில் எழும்பியது. நயினாதீவிலும் ஒருமுறை. வெயில்தான் என்று நினைத்தேன். பெட்டியைத் தொட்டுப் பார்த்தால் சுடவில்லையே, பிறகு எப்படிப் பூச்சைச் சந்தேகிப்பது? இரண்டு முறையும் குழாயைப் பொருத்துவதற்கு முன்பே கறுத்ததால் நட்டம் எதுவும் இல்லை. ஒருவருக்கும் சொல்லவில்லை.

இனி புங்குடுதீவு மடத்துவெளி.

புங்குடுதீவில் நல்ல தண்ணீருள்ள கிணறு எவ்வளவு பெரிய விசயம் என்று அங்கே இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பரமேஸ்வரி அக்காவின் கிணறு அப்படியொன்று. அவருக்கு அப்போது அறுபது வயதிருக்கும். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. மிளகாயும் கத்தரியும் வாழையும் வைத்துத் தன் கையால் சீவிக்கிறவர். அயலார் குடிக்க அள்ளிப் போவார்கள், அவர் மறித்ததில்லை.

பக்கத்துக் காணி அவருடைய ஒன்றுவிட்ட தம்பியுடையது. வெளிநாட்டிலிருக்கிறவர். பெரிய மாடிவீடு எழும்பியது. வீட்டு வேலைக்கென்று குழாய்க்கிணறு அடித்தார்கள். வேலை முடிந்த பிறகும் பம்பி நிற்கவில்லை. பவுசர் லொறிகள் வந்து தண்ணீர் ஏற்றிக்கொண்டு போயின. சில மாதத்தில் அக்காவின் மிளகாய் இலைகள் விளிம்பில் கருகத் தொடங்கின. அவர் தம்பியின் மைத்துனரிடம் போய்ச் சொன்னார். அவர்தான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர். “உங்கட கிணறு எப்பவும் சவர்தானே அக்கா” என்று பதில் வந்தது. அக்கா பிரதேச செயலகத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தார். கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். கிணறு எப்பவும் உப்புச் சவரா, இடையில் மாறியதா என்பதுதான் கேள்வி. பதில் எங்கள் குழாய்க்குள் இருந்தது. அவருடைய கிணற்றில்தான் நாங்கள் ஒரு வருடத்துக்கு முன் அதைத் தொங்கவிட்டிருந்தோம்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முந்தி சேர் என் மேசைக்கு வந்தார்.

“மடத்துவெளிக் கிணத்தைக் கொஞ்சம் பாரும்.”

எப்படிப் பார்க்கச் சொன்னார்? கவனமாகவா? கெதியாக முடிக்கவா? அல்லது பார்த்தும் பாராமலா? அந்த வீட்டுக்காரர் பெரிய இடம் என்று அலுவலகத்தில் கதை இருந்தது. சேர் அப்படிப்பட்டவர் அல்ல என்று நான் சத்தியம் செய்வேன். ஆனால் அந்தச் சொல்லை அவர் சொன்ன விதத்தை நினைக்க நினைக்க ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரிக் கேட்கிறது.

பங்குனி மாத வெயில். மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு போனேன். பெட்டி முழு வழியும் வெயிலில். கிணற்றடியில் நிழல் இல்லை, அக்கா ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டார். குழாயை இழுத்து எடுத்துத் துடைத்துப் பொருத்தினேன். வெளிச்சத்தில் திரை தெரியாது என்பதால் தலையோடு துவாயைப் போர்த்துக்கொண்டு குனிந்திருந்தேன். அக்கா ஆறேழு அடி தள்ளி, வாளியோடு, கருகிய மிளகாய்ச் செடிகளுக்குப் பக்கத்தில் நின்றார்.

குழாய் ஒப்புவித்து முடித்தது. திரையில் உப்பின் கோடு வந்தது. இடமிருந்து வலமாக நேராக ஓடியது. மாரியில் கொஞ்சம் இறங்கியது. பிறகு ஓரிடத்தில் நிமிர்ந்து ஏறத் தொடங்கியது, ஏறியது, ஏறிக்கொண்டே போனது. ஏறத் தொடங்கிய மாதத்தைப் பார்த்தேன். பவுசர் வரத் தொடங்கிய மாதம்.

முதல் அமத்த வேண்டும். எனக்குத் தெரியும். நூறு தடவை கேட்டது. ஆனால் அந்த மனுசி அங்கே நிற்கிறார், அவர் சொன்னது முழுக்கச் சரி என்று இந்தக் கோடு சொல்கிறது. என் கை அமத்தப் போகவில்லை, வாய்தான் திறந்தது. துவாயை விலக்கித் திரும்பி, “அக்கா, வந்து பாருங்கோ” என்றேன்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். கையைச் சீலையில் துடைத்தார். வந்தார். ஆறேழு அடிதான். அவர் குனிகிற நேரம் திரை கறுத்தது.

“எங்க தம்பி?” என்றார்.

அரை மணித்தியாலம் குசினிக்குள் நிழலில் வைத்தேன். எழும்பியது. கோடு இல்லை. குழாய் ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது.

பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை. நகத்தால் முதுகைக் கீறினேன், கீறிய இடத்தில் பச்சைக்குக் கீழே சாம்பல் நிறப் பசை தெரிந்தது. அந்தப் பள்ளங்கள் அழகுக்கு வைத்தவையல்ல என்று அப்போதுதான் முதன்முதலாக யோசித்தேன். அக்கா எனக்குத் தேத்தண்ணி தந்தார். தேத்தண்ணி உப்புக் கரித்தது.

கூட்டம் நடந்தது. தலைமை தாங்கிய அதிகாரி, சேர், நான், அக்கா, எதிரே அந்த மைத்துனர். சேர் பச்சைப் பெட்டியைத் தன் முன்னால் மேசையில் வைத்திருந்தார். தரவு பெற்று முடியுமுன் கருவி நின்று, தரவு அழிந்துவிட்டது என்று நான் எழுதிக் கொடுத்த அறிக்கையை வாசித்தார். அது பொய். பெற்ற பின்புதான் நின்றது. சேமிப்பதற்கு முன்பு என்று எழுதியிருக்க வேண்டும்.

“ஏன் நிண்டது?” அதிகாரி கேட்டார்.

“வெயில் சேர்” என்றேன்.

கனகலிங்கம் சேர் தன் பெருவிரலைப் பெட்டியின் முதுகில் வைத்து, வரிகள் இருந்த இடத்தில் மேலிருந்து கீழாக மெதுவாக இழுத்தார். மட்டமாக இருந்தது. என்னைப் பார்த்தார்.

“ஓம். வெயில்தான்” என்றார்.

பிறகு, நான் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார். “அல்பிரட், நிக்க முந்தி நீர் ஏதும் கண்டனீரோ?”

கண்டேன் என்றால், அப்போ ஏன் அறிக்கையில் இல்லை என்று வரும். ஏன் அமத்தவில்லை என்று வரும். ஏன் நின்றது என்று திரும்ப வரும், பசை வரும், தீந்தை வரும். அரசாங்கச் சொத்தைப் பழுதாக்கினவன் என்று வரும். ஓய்வூதியத்துக்கு இரண்டு வருடம் இருந்தது. இதெல்லாம் அந்த நேரத்தில் ஒழுங்காக யோசித்தேன் என்று சொன்னால் அதுவும் பொய்யாகும். துவாய்க்குள், வெயிலில், எண்ணி நான்கைந்து விநாடி கண்டது. உண்மையில் கண்டேனா, காண விரும்பியதைக் கண்டேனா என்றும் ஒரு பக்கம் ஓடியது. சேர் என்ன பதிலை எதிர்பார்க்கிறார் என்றும் தெரியவில்லை. அவர் என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாரா? உண்மையைச் சொல்ல ஒரு வாசல் திறந்துவிடுகிறாரா? இல்லை என்று சொல்லும் என்கிறாரா?

“இல்லை சேர்” என்றேன்.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

மைத்துனர்தான் சொன்னார். “எங்கட வீடு எழும்பினது அக்காவுக்குப் பொறுக்கேல்லை. வேற ஒண்டுமில்லை.”

முறைப்பாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று எழுதி மூடினார்கள். பம்பி ஓடியது. இரண்டு வருடத்தில் அக்காவின் தோட்டம் முடிந்தது. அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. பொறாமையில் பொய் முறைப்பாடு கொடுத்தவள் என்ற பெயர் ஊரில் நின்றுவிட்டது. இனசனத்தின் நல்லது கெட்டதுக்குச் சொல்லாமல் விட்டார்கள். அவர் கிணற்றில் அள்ளிக் குடித்த வீடுகளே அப்படிச் செய்தன.

நான் என்ன செய்தேன்? தீந்தையை ஆராய்ந்தேன். ஓய்வு பெறும் வரையும், பெற்ற பிறகும், கண்டவர்களிடமெல்லாம் விசாரித்தேன். யாழ்ப்பாணத்தில் கணினி திருத்துகிற ஒருவர், “மெல்லிசாத் தீந்தை அடிச்சா ஒண்டும் செய்யாது, வரியை அடைச்சதுதான் பிழை” என்றார். இன்னொருவர், “பற்றரி பழசெண்டாலும் அப்பிடி நிக்கும்” என்றார். மூன்றாமவர் வெயிலில் வைத்ததே காரணம், பச்சையாயிருந்தால் என்ன கறுப்பாயிருந்தால் என்ன என்றார். மூன்றும் எனக்குச் சரியாகப் பட்டன.

துளசிகா அழைத்த பிறகு, வெளிநாட்டில் மகளோடு இருக்கிற கனகலிங்கம் சேருக்குத் தொலைபேசி எடுத்தேன். குரல் நடுங்கியது, ஆனால் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“சேர், அந்தப் பச்சை லப்டொப் ஞாபகமோ?”

“பச்சையோ? கறுப்பெல்லே அது?”

“நான் பச்சை அடிச்சனான் சேர். நீங்கள்தானே பாரும் எண்டு தந்தனீங்கள்.”

“ஓம், பாரும் எண்டனான். அதில ஒரு திருகாணி கழண்டு கிடந்தது.”

கடைசியாக மடத்துவெளிக் கிணற்றைப் பற்றிக் கேட்டேன். “நல்ல தண்ணியா இருந்தது” என்றார். பிறகு மகள் தொலைபேசியை வாங்கி, அப்பா களைத்துப்போனார் என்றாள். ‘இருந்தது’ என்று எதற்குச் சொன்னார்? மாறியதை அறிந்து சொன்னாரா, வயதானவர்கள் எல்லாவற்றையும் இறந்தகாலத்தில் சொல்வது போலச் சொன்னாரா?

அடுத்த கிழமை அலுவலகத்துக்குப் போனேன். துளசிகா பட்டியலில் அந்தப் பெட்டியை எழுதாமல் எனக்காக வைத்திருந்தாள். முற்றத்து வெயிலில் வைத்து ஓடவிட்டோம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடியது, நிற்கவில்லை. என்னால் நம்ப முடியவில்லை. மறுநாள் இருபது நிமிடத்தில் நின்றது. உளி கொண்டுவந்து வரிகளிலிருந்த பசை முழுவதையும் கொத்தி எடுத்தேன். பசைக்குக் கீழே அந்த நாள் உப்பு அப்படியே இருந்தது. முதுகு திரும்பச் சுடத் தொடங்கியது. ஆனாலும் மூன்றாம் நாள் ஒருமுறை நின்றது.

“அப்ப என்ன காரணம் அண்ணை?” துளசிகா கேட்டாள்.

“தெரியேல்லைப் பிள்ளை.”

“இவ்வளவு வருசத்துக்குப் பிறகு ஏன் உதைப் போட்டு உடைக்கிறியள்?”

நான் அங்கிருந்து நேரே மடத்துவெளிக்கு மோட்டார் சைக்கிளை விட்டேன்.

பரமேஸ்வரி அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது. முற்றத்தில் பவுசர் தண்ணீர் நிரப்பிய நீலத் தாங்கி. கிணற்றைப் பலகையால் மூடியிருந்தார். எனக்குக் கதிரை போட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வரிகள், பசை, மூன்று பூச்சு, விசிறி இல்லாதது, மூன்று நாள் பரிசோதனை. தீந்தையால் நின்றிருக்கலாம், வெயிலால் நின்றிருக்கலாம், பற்றரியாலும் நின்றிருக்கலாம், எனக்கே குழப்பமாக இருக்கிறது, மன்னிக்க வேணும் அக்கா என்றேன். வெகுநேரம் சொன்னேன். அவர் இடையில் மறிக்கவில்லை.

முடிந்ததும், “உது எனக்கு விளங்காது தம்பி” என்றார். “உம்மட பெட்டி ஏன் நிண்டதெண்டு நான் ஒருநாளும் கேக்கேல்லையே. சாமான் எண்டா நிக்கும்தானே. எனக்கு ஒண்டுதான் விளங்கேல்லை.”

“என்ன அக்கா?”

“நீர் அண்டைக்கு என்னைக் கூப்பிட்டனீர். அக்கா, வந்து பாருங்கோ எண்டு. நான் வாளியை வைச்சிட்டு வந்தனான். ஒண்டும் காணாதவர் ஏன் கூப்பிட்டனீர்?”

தீந்தையைப் பற்றிப் பத்து வருடமாகச் சேர்த்து வைத்த பேச்சு ஒன்றும் எனக்கு உதவவில்லை.

“அண்டைக்கு அங்க நீங்கள் சொல்லியிருக்கலாம், இவர் என்னைக் கூப்பிட்டவர் எண்டு” என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு என்ன துணிவு என்று இப்போது வெட்கமாக இருக்கிறது.

“நான் சொன்னா? பொறாமைக்காரி சொன்னதெண்டுதானே எழுதியிருப்பினம்.” அவர் கோபிக்கவில்லை. “நீர் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். அண்டைக்கு முழுக்கப் பாத்தனான். பிறகு விட்டிட்டன்.”

“இப்ப சொல்லுறன் அக்கா. கண்டனான்.”

“எனக்கேன் சொல்லுறீர்? எனக்குத் தெரியும்தானே. கேட்ட இடத்தில சொல்லும்.”

கேட்ட இடம் இப்போது இல்லை. அதிகாரி மாறிப் போய்விட்டார், கோப்பு மூடிக் கிடக்கிறது, சேருக்குப் பெட்டியின் நிறமே மறந்துவிட்டது. பெட்டி ஏன் நின்றது என்பதற்கும், சேர் ஏன் பெருவிரலால் தடவினார் என்பதற்கும், ‘கொஞ்சம் பாரும்’ என்றால் என்ன என்பதற்கும் என்னிடம் பதில் இல்லை. இனி வரும் என்றும் தோன்றவில்லை. அந்தக் கோடு மாரி முடியும் வரை ஏறவேயில்லை. பவுசர்கள் வரத் தொடங்கியபின் ஏறியது. பரமேஸ்வரி அக்கா பொய் சொல்லவில்லை. நான் கண்டது நான்கைந்து விநாடி, துவாய்க்குள், ஆனால் கண்டேன். கண்டபடியால்தான் கூப்பிட்டேன். அச்சில் வந்தால் இதன் ஒரு பிரதியை அக்காவிடமும், இன்னொன்றைப் பிரதேச செயலகத்திலும் கொடுப்பேன். மூன்றாவதைச் சேருக்கு அனுப்புவேன். அந்தக் கூட்டத்தில் அவர் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஓம் சேர். கண்டனான்.